ஆங்கிலத்து வெட்டுவினைகள்

சென்ற பருவத் தேர்வில் ஆங்கிலப் பத்தியொன்றைத் தமிழிற் பெயர்த்தெழுதுமாறு மாணவரைப் பணித்திருந்தோம். 2019-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தினின்றும் தென்காசி மாவட்டம் தனியே பிரிக்கப்பட்ட செய்தியைக் கூறும் எளிய பத்தி அது. இத்தகைய செய்திகளில் ஆங்கிலத் தாள்கள் விரும்பி ஆளும் 'கார்வ்' என்னும் வினை அதன்கண் வந்திருந்தது. மாணவர் ஒருவர், தாம் மனப்பாடம் செய்திருந்த பொருளை அவ்வாறே பெய்து, அரசினர் திருநெல்வேலியைச் செதுக்கித் தென்காசியை உண்டாக்கினர் என்று எழுதிவிட்டார். விடைத்தாள் திருத்தும் அலுப்பினிடையே யாம் வாய்விட்டு நகைத்தோம் என்பதை மறைப்பானேன்? நகைத்தபின் சிறிது நாணமும் உண்டாயிற்று. 'கார்வ்' என்பதற்குச் செதுக்கு என்று அவருக்குக் கற்பித்தவர் யாமே. சிற்பி கல்லைச் செதுக்குவதும் அச்சொல்லின் பொருளே. விருந்துமேசையில் வீட்டுத்தலைவன் பெரிய இறைச்சித் துண்டத்தை நீண்ட கத்தியால் அரிந்து ஒவ்வொருவர்க்கும் பங்கிட்டு வைப்பதும் அச்சொல்லின் பொருளே. மாவட்டம் பிரிப்போர் கையில் இருப்பதாக எமக்குத் தோன்றுவது உளியன்று, பங்கிடும் கத்தி. இதனை யாம் ஒருநாளும் வகுப்பிற் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பில் எட்டு ஆங்கில வினைகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றற்கும் தமிழ் எழுதுக என்றோம். 'சாப்', 'ஹ்யூ', 'ஸ்லைஸ்', 'பேர்', 'ட்ரிம்', 'பிரூன்', 'கிளிப்', 'விட்டில்' என்பன அவை. பெரும்பாலோர் எட்டற்கும் 'வெட்டு' என்றே எழுதினர். சிலர் இரக்கங்கொண்டு 'சிறிதாக வெட்டு', 'நன்றாக வெட்டு' என வேறுபாடு காட்டினர். கடைத்தெருவில் விற்கும் குறிப்புப் புத்தகங்கள் கற்பிப்பது இவ்வளவே. கருவி யாது, கை எவ்வாறு அசைகின்றது, வெட்டுண்ணும் பொருள் யாது, வெட்டியபின் எஞ்சுவது யாது என்னும் நான்கினையும் விட்டு, வெட்டு என்னும் ஒன்றை மாத்திரம் அவை நெட்டுருச் செய்விக்கின்றன. ஆங்கிலேயர் இவ்வினைகளைப் பொருளாதாரத்திற்கும், அரசியலுக்கும், நட்பிற்கும், நடைக்கும் ஏற்றிக் கூறுங்கால், அவர் ஏற்றிக் கூறுவது அந்நான்கினையுமேயன்றி வெறும் வெட்டையன்று என்பது எம் கருத்து. இஃது ஆங்கிலம் கற்போர்க்கு மாத்திரம் உற்ற குறையாயின் யாம் இத்துணை நீள எழுதப் புகோம். இதனால் விளையும் கேடு வேறொன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் 'கட்' என்பதனை எடுத்துக்கொள்வோம். இன்று இவ்வினங்கட்கெல்லாம் தலைமை தாங்கும் இச்சொல் பழைய ஆங்கில நூல்களில் காணப்படுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டை ஒட்டியே ஏட்டில் தலைகாட்டுகின்றது. அதற்கு முன்னர் அவ்வரியணையில் அமர்ந்திருந்த சொற்களுள் ஒன்று, நம் மாணவரை இடறச்செய்த 'கார்வ்' என்பதே. புதியவன் வந்து பொதுப்பொருளைக் கைப்பற்றிக்கொள்ள, பழையவன் கல்லுக்கும் மரத்துக்கும் இறைச்சிக்கும் மாத்திரம் உரியவனாய் ஒதுங்கினான். ஒதுங்கியும் பெருமிதம் குன்றவில்லை. ஒருவன் தன் முயற்சியால் ஒரு வாழ்க்கையைக் 'கார்வ்' செய்துகொண்டான் என்றால் அதன்கண் ஒரு கம்பீரம் உண்டு. 'கட்' என்றால் அது தோன்றாது.

'கட்' ஏற்றுக்கொண்ட உருவகங்கள் எண்ணிலடங்கா. குழந்தைக்குப் பல் முளைத்தல் அதனுள் அடங்கும். விலை குறைத்தலும், மூலையைச் சுற்றாது குறுக்கே போய் வேலையை அரைகுறையாக முடித்தலும் அடங்கும். வகுப்பிற்கு வாராதொழிதலும் அதுவே. இந்த ஒன்றினை நம் மாணவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆங்கிலப் பெயரோடு தமிழ் வினையைப் பிணைத்துக் 'கட் அடித்தல்' என்று ஒரு கூட்டுவினையே சமைத்துக்கொண்டனர். மின்சாரம் நின்றுபோதலை மின்வெட்டு என்கின்றோம். அது மொழிபெயர்ப்பென்பதையே மறந்துவிட்டோம்.

அறிந்தவரைக் கண்டும் காணாதார்போல் செல்லுதலையும் ஆங்கிலேயர் 'கட்' என்பர். இதனை ஒரு கலையாகவே வளர்த்தவர் கேம்பிரிட்ஜ் மாணவர் போலும். 1811-இல் இலண்டனில் வெளிவந்த கொச்சைமொழி அகராதியொன்று இதனை நால்வகைப்படுத்துகின்றது. எதிரே வருபவனைக் கண்டதும் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுதல் நேர்வெட்டு. வேறுபுறம் நோக்கி நடந்துவிடுதல் மறைவெட்டு. அவன் அகலுமளவும் கோயிற் கோபுரத்தின் உச்சியையோ வானத்து முகில்களின் அழகையோ வியந்து நிற்றல் மேன்மைவெட்டு. குனிந்து தன் பாதரட்சையின் கயிற்றை ஆராய்தல் கீழ்வெட்டு. பெயர்கள் யாம் இட்டவை, வகைகள் அகராதியுடையவை. கடன் கொடுத்தாரைக் காணுங்கால் நம் விடுதி மாணவரும் இந்நான்கினையும் அறிவர். ஆயினும் தமிழில் 'வெட்டினான்' என்று இதனைச் சொன்னாற் காவல் நிலையத்தார் வந்துவிடுவர். முகங்கொடாது போனான் என்பதே நம் வழக்கு.

நிற்க. இத்தனை வினைகளையும் வேறுபடுத்தி உணர்வது தமிழ் மாணவர்க்கு அரிதோ எனின், அன்று. நம் வீட்டு அடுக்களையில் வெட்டு என்னும் சொல் மிகவும் அருகியே வழங்கும். கீரையை ஆய்ந்து அரிகின்றோம், வெண்டைக்காயை நறுக்குகின்றோம், ஊறுகாய்க்கு மாங்காயைக் கீறுகின்றோம், தேங்காயை உடைத்துத் துருவுகின்றோம், இறைச்சியைக் கொத்துகின்றோம். வாயிலுக்கு வெளியே வந்தால் விறகு பிளக்கப்படுகின்றது, இளநீர் சீவப்படுகின்றது, நெல் அறுக்கப்படுகின்றது, மலர் கொய்யப்படுகின்றது. தச்சர் பலகையை அறுத்து இழைக்கின்றார். தையற்காரர் துணியைக் கத்தரிக்கின்றார். அம்மி கொத்துவோர் தெருவில் கூவிச் செல்வதும் உண்டு. கீரையை வெட்டு என்று எவரேனும் கூறின், பாட்டியார் நிமிர்ந்து பார்ப்பார். இத்துணை நுண்மையைத் தாய்மொழியில் உடையவர், ஆங்கிலத்திற் புகுந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே அரிவாளால் வீழ்த்துவது விந்தையன்றோ?

ஈண்டு ஒரு வேற்றுமையையும் கருதுக. ஆங்கிலச் சமையலறையில் காய் பலகைமேற் கிடக்கும். கத்தி அதனை நோக்கி வரும். நம் அரிவாள்மணையிலோ கத்தி அசையாது நிற்கும். காய்தான் அதனை நோக்கிச் செல்லும். 'சாப்' என்பது மேலிருந்து ஓங்கி விழும் அடி. கோடரியும் கனத்த கத்தியுமே அதற்குரியன. 'ஸ்லைஸ்' என்பது மெல்லிய வில்லைகளாக, கத்தி வழுக்கிச் செல்ல அரிவது. நம் அரிதல் இதற்கு அண்மையது. 'சாப்' என்பதற்கு அரிவாள்மணையில் இடமே இல்லை. ஆதலின் ஒரு திட்டத்தைச் 'சாப்' செய்தனர் என்று ஆங்கிலத் தாளிற் கண்டால், ஓங்கி வீழ்ந்த கோடரியின் ஓசை நம் காதிற் கேட்க வேண்டும். தனக்குரிய இலாபத்தில் ஒரு 'ஸ்லைஸ்' கேட்டான் என்றால், மெல்லிய வில்லையொன்று கண்முன் தோன்ற வேண்டும்.

'மின்ஸ்' என்னும் அடுக்களைச் சொல் மாணவரைப் பெரிதும் ஏமாற்றுவது. இறைச்சியைப் பொடிப்பொடியாகக் கொத்துதல் அதன் நேர்ப்பொருள். சொற்களை 'மின்ஸ்' செய்யாது பேசினான் என்று படிக்கும் மாணவர், கொத்தாமற் பேசினான், ஆதலின் இனிமையாகப் பேசினான் என்று கொள்கின்றனர். உண்மை மறுதலை. கடினமானதைச் சிறுசிறு துணுக்குகளாக்கி, விழுங்குதற்கு எளிதாக்கிக் கொடுப்பதே அவ்வுருவகம். அவ்வாறு செய்யாதவன் உள்ளதை உள்ளவாறே கேட்போர் தட்டில் இட்டுவிட்டவன். இதற்கு நம் தமிழ் வாயையே கருவியாகக் கொண்டது. மென்று விழுங்காமற் சொன்னான் என்கின்றோம். வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசினான் என்பதும் இதனோடு ஒப்பது.

தச்சுப்பட்டறைச் சொற்களுள் எமக்கு மிக விருப்பமானது 'விட்டில்'. 'துவிட்டில்' என்பது முற்காலத்தே ஒருவகைக் கத்தியின் பெயர். 14-ஆம் நூற்றாண்டிலேயே சாஸர் என்னும் கவிஞர், தம் கதையில் வரும் ஆலைக்காரனுடைய காலுறையில் ஷெபீல்டு நகரத்துத் துவிட்டிலொன்றைச் செருகி வைத்திருக்கின்றார். அக்கத்தியால் ஒருவன் திண்ணையிலமர்ந்து கோலொன்றை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டிருப்பதை எண்ணிப் பார்க்க. ஒவ்வொரு சீவலும் அற்பம். மாலையிற் பார்த்தாற் கோல் குச்சியாகியிருக்கும். உரிமைகளையோ, ஊதியத்தையோ, ஒரு நூலகத்தின் நூல்களையோ 'விட்டில்' செய்தனர் எனின் நிகழ்ந்தது அதுவே. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்னும் நம் பழமொழி அதன் பயனைக் கூறும். ஆனால் கத்தி பிடித்த கையைக் கூறாது. 'விட்டில்' கையையும் காட்டிக்கொடுக்கும்.

உருவொத்துப் பொருள் மாறுபடுவனவும் உண்டு. 'கிளீவ்' என்பது பிளத்தல். ஒட்டிக்கொள்ளுதலும் 'கிளீவ்' என்பதே. 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், கணவன் மனைவியோடு இசைந்திருத்தலைக் கூறும் ஆதியாகமப் பகுதியில் வருவது இச்சொல். முதல் வகை வினையை மாத்திரம் அறிந்த மாணவர் அவ்விடத்தைப் படித்துத் திகைத்ததுண்டு. இவை பிறப்பால் இருவேறு சொற்கள். காலப்போக்கில் ஓசை ஒன்றாயின. 'கிளிப்' என்பதும் அத்தகையதே: தாள்களைச் சேர்த்துப் பிடிப்பதும் 'கிளிப்', ஓரத்தைக் கத்தரிப்பதும் 'கிளிப்'. இப்பின்னதற்கு ஒரு களவுக்கதை உண்டு. வெள்ளி நாணயங்களின் விளிம்பைச் சிறிது சிறிதாகக் கத்தரித்துத் திரட்டி விற்பது இங்கிலாந்தில் ஒரு தொழிலாகவே நிகழ்ந்தது. நாணயம் நாணயமாகவே கைமாறும். எடை மாத்திரம் குன்றும். 1696-இல் பழைய வெள்ளிக் காசுகளையெல்லாம் திரும்பப் பெற்று உருக்கிப் புதிதாக அச்சிடவேண்டிய அளவிற்கு இது முற்றியது. விளிம்பில் வரிகளும் எழுத்தும் பொறித்தது இக்களவைத் தடுத்தற்கே. இன்று நம் பையிலுள்ள காசுகளின் விளிம்பைத் தடவிப் பார்ப்போர் அவ்வச்சத்தின் தழும்பைக் காணலாம்.

சொற்பிறப்பில் ஆழ்ந்து செல்லுதல் ஒரு மயக்கம், அதனைச் சுருக்குவோம். எனினும் ஒன்றைச் சொல்லாது விட மனமில்லை. ஆங்கிலத்தில் முடிவுசெய்தலைக் குறிக்கும் 'டிஸைட்' என்பது, இலத்தீனில் வெட்டி நீக்குதல் என்னும் பொருளுடைய வினையின் வழிவந்தது. ஒருவன் பல வழிகளுள் ஒன்றைக் கொள்ளுங்கால் ஏனையவற்றை வெட்டி எறிகின்றான். தமிழிலோ துணிதல் என்பது அறுபடுதல். துணிதல் என்பது முடிவுசெய்தலும் ஆம். அறுத்தெடுத்த ஆடைத்துண்டும் துணி. ஒருவன் மனத்தில் அறுத்துக்கொண்ட உறுதியும் துணிவு. அறுதியிடுதல், வரையறுத்தல் என்பவற்றிலும் அறு என்னும் வினையே நிற்கின்றது. உரோமரும் தமிழரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே கத்தியை எடுத்திருக்கின்றனர். கிரிக்கெட்டு ஆட்டத்தில் 'ஸ்கோர்' என்பதும் கோலில் இட்ட வெட்டே. ஒவ்வோர் ஓட்டத்திற்கும் கத்தியால் ஒரு வடு கீறிக் கணக்கு வைத்த காலம் உண்டு. பங்கு எனப் பொருள்படும் 'ஷேர்' என்பது, ஆட்டு மயிரைக் கத்தரிக்கும் 'ஷியர்' என்பதன் உடன்பிறப்பு. பங்குச் சந்தையில் பணமிழந்தோர் இதனை எளிதில் நம்புவர். ஆனால் 'எக்ஸைஸ்' என்னும் தீர்வைக்கும் வெட்டி எடுத்தலைக் குறிக்கும் 'எக்ஸைஸ்' என்பதற்கும் உறவில்லை. இதனை வரி கொடுப்போர் நம்பார்.

இனி, முன்னர்க் குறித்த கேட்டிற்கு வருவோம். 'ட்ரிம்' என்னும் சொல்லை நோக்குக. பழைய ஆங்கிலத்தில் இது உறுதியாக்குதல், ஒழுங்குபடுத்துதல் என்னும் பொருளுடையது. வெட்டுதற்பொருள் பின்னர் ஏறியது. ஆகையால் இன்றும் அதற்கு இருமுகம். கிறிஸ்துமஸ் மரத்தை 'ட்ரிம்' செய்தல் என்றால் அணிகளைக் கூட்டுதல். தலைமயிரை 'ட்ரிம்' செய்தல் என்றால் குறைத்தல். படகு ஒருபுறம் சாயாதவாறு பாரத்தைச் சமன்செய்தலும் 'ட்ரிம்'. ஹாலிபாக்ஸ் பிரபு தம்மை இரு கட்சிக்கும் ஆகாதவன் என்று இகழ்ந்தோர்க்கு விடையாக, 1688-இல் அச்சான தம் நூலில், 'ட்ரிம்மர்' என்பான் படகு கவிழாது காப்பவனே என்று அவ்விகழ்ச்சியையே புகழாக்கிக் கொண்டார். நம் சீவுதலும் இத்தகையதொரு சொல்லே. தலையைச் சீவிவிடு என்று தாய் மகளிடம் சொல்வதைக் கேட்கும் அயல்நாட்டார், இளநீர்க் கடையில் முன்னரே அச்சொல்லைக் கற்றவராயின், நடுங்கிப்போவர்.

இவ்விருமுகமே அச்சொல்லை அதிகாரிகட்கு இனியதாக்குகின்றது. 'ட்ரிம்' செய்யப்படுவது வேண்டாத விளிம்பு. செய்தபின் பொருள் அழகுபெறும். நோவு இல்லை, குருதி இல்லை. 'பிரூன்' என்பது இதனினும் உயர்ந்த பீடத்திலிருப்பது. கொடியின் கிளையைத் தோட்டக்காரன் கழிப்பது கொடியின் நன்மைக்கே. அடுத்த பருவத்துக் கனி அதற்குச் சான்று. ஒரு நிறுவனம் ஆட்களை நீக்கிவிட்டுப் 'பிரூன்' செய்தோம் என்று அறிக்கை விடுமாயின், நீக்கப்பட்டோர் பட்ட கிளைகள் என்றும், நீக்கியவர் கனி வேண்டும் தோட்டக்காரர் என்றும் ஒரே சொல்லில் தீர்ப்பெழுதியாயிற்று. இதற்கென ஒரு வாதமும் அவர் கூறவில்லை, வினையே வாதித்தது. படிப்பவர் 'வெட்டு' என்று பொருள்கொண்டு மேலே செல்வாராயின், தாம் ஒரு தீர்ப்புக்குக் கைச்சாத்திட்டதை அறியார்.

மக்கள் சில வேளை இக்கத்தியைப் பிடுங்கி வேறொன்றைக் கொடுப்பதும் உண்டு. முதல் உலகப்போருக்குப்பின் பிரிட்டிஷ் அரசினர் செலவைக் குறைக்க வழி கேட்டு, 1921-இல் சர் எரிக் கெட்டிஸ் என்பாரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தனர். தேசியச் செலவினக் குழு என்பது அதன் சாதுவான பெயர். 1922-இல் அதன் பரிந்துரைகள் படைகளின் மேலும் கல்வியின் மேலும் விழுந்தன. பள்ளியை விட்ட இளைஞர் தொடர்ந்து பகற்பள்ளிகளிற் பயிலுதற்கு 1918-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வகுத்திருந்த ஏற்பாடு, அச்சிக்கனக் காலத்தில் பெரும்பாலும் நின்றுபோயிற்று. சிக்கனம் என்று அரசினர் சொன்னதை மக்கள் 'கெட்டிஸ் கோடரி' என்றனர். வரலாற்று நூல்களும் இன்றுவரை அவ்வாறே எழுதுகின்றன. 'பிரூன்' செய்தவன் கையில் மரம் நிற்கும். கோடரி பிடித்தவன் கையில் மரம் விழும். வேலை போன ஓர் ஆசிரியர்க்கு இவ்விரண்டனுள் எது மெய் என்பதில் ஐயமிராது.

நம் செய்தித்தாள்கள் இத்தகைய இடங்களில் ஆட்குறைப்பு என்று எழுதுகின்றன. அச்சொல்லை யாம் மதிக்கின்றோம். குறைத்தல் ஒரு வினை. குறை என்பது இல்லாமையும் ஆம், முறையீடும் ஆம். மூன்றும் அதன்கண் ஒலிக்கின்றன. ஆங்கிலத் தாளைப் பார்த்துப் பெயர்ப்போர் அண்மையில் 'சீரமைப்பு' என்று எழுதப் புகுந்திருப்பது எமக்கு உவப்பன்று. அது 'ட்ரிம்' என்பதன் சீப்பைத் தமிழிலும் கொண்டுவந்து தருவது.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஓர் அலுவலகத்தினின்றும் எமக்கு ஒரு கடிதம் வந்தது. தமிழ் நூல்கள் வாங்குதற்கென ஒதுக்கப்பட்டுவந்த தொகை 'ட்ரிம்' செய்யப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். தொகையைப் பார்த்தோம்; பாதி போயிருந்தது. முடிதிருத்துவோர் எவரும் தலையிற் பாதியை எடுத்துவிட்டு அதனை 'ட்ரிம்' என்று சொல்லத் துணியார். பணம் திரும்பாதெனினும் சொல்லையாவது திருத்துவோம் என்றெண்ணி, 'ட்ரிம்' என்பதற்கு மாறாகக் 'கட்' என்று எழுதி விடையிறுத்தோம். பத்து நாள் கழித்து வந்த மறுமொழியில் எம் கடிதம் கிடைத்ததென்றும், 'ட்ரிம்' செய்தது செய்ததேயென்றும் கண்டிருந்தது.

அக்கடிதத்தின் அவ்வொரு வாக்கியத்தையே பெயர் குறிக்காது அடுத்த வகுப்பில் மொழிபெயர்ப்பிற்குக் கொடுத்தோம், தொகை இரண்டினையும் பக்கத்திற் குறித்து. திருநெல்வேலியைச் செதுக்கிய அதே மாணவர் நெடுநேரம் எழுதுகோலைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னர், 'நூல்வாங்கும் பணத்தைப் பாதியாக அறுத்துவிட்டு, ஓரத்தைக் கத்தரித்ததாக எழுதியிருக்கின்றனர்' என்று எழுதி நீட்டினார். மொழிபெயர்ப்பு விதிப்படி அது பிழை. மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார். யாம் சிவப்பு மையைத் தொடவில்லை.